காணி விலை எதனால் விழுகிறது?

கேள்வி:

வலிகாமத்தில் எனக்குச் சீதனமாகத் தந்த 6 பரப்புக் காணி இருக்கிறது. நாங்கள் இப்போது யாழ்ப்பாண நகரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். மகளின் படிப்புச் செலவுக்காக அந்தக் காணியை விற்கத் தீர்மானித்திருக்கிறோம். கணவருக்கும் பிள்ளைகளுக்கும் சம்மதம். பக்கத்து வளவுக்காரர் பரப்புக்கு 5 இலட்சம் தருவதாகச் சொல்கிறார். அடுத்த குறிச்சியில் இருக்கும் ஓர் ஆசிரியர் குடும்பம் 7 இலட்சம் தர முன்வந்திருக்கிறது. அவர்கள் எங்கள் சாதி இல்லை. தரகரோ, "அவர்களுக்கு இந்தப் பக்கத்தில் வேறு யாரும் விற்கமாட்டார்கள், 9 கேளுங்கள், தருவார்கள்" என்கிறார்.

விஷயம் தெரிந்ததும் ஒழுங்கையில் உள்ளவர்கள் வீடு தேடி வந்துவிட்டார்கள். அவர்களை உள்ளே விட்டால் ஒழுங்கை முழுவதும் காணி விலை பாதியாகிவிடும், பிறகு நாங்களும் விற்றுவிட்டுப் போகவேண்டியதுதான் என்றார்கள். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி பக்கத்துக் காணிக்காரருக்கே முதலுரிமை என்றும், அப்படி விற்பதானால் பங்குக் கிணற்றில் எங்களுக்குள்ள பங்கை நீக்கிவிட்டு விற்கவேண்டும் என்றும் சொல்கிறார்கள். எல்லாரும் சிறு வயதிலிருந்து எனக்குத் தெரிந்தவர்கள். விலை விழும் என்பது உண்மையா? நான் அயலவருக்கு நட்டம் செய்கிறேனா?

வாசகி ஒருவர், யாழ்ப்பாணம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் மூன்று விலைகள் இருக்கின்றன: 5 இலட்சம், 7 இலட்சம், 9 இலட்சம். காணி ஒன்று, மண் ஒன்று, கிணறும் ஒன்று. அப்படியிருக்க மூன்று விலை எப்படி வந்தது என்று பார்த்தாலே உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

நான் காணி மதிப்பீட்டுத் தொழிலில் இருப்பவன். வங்கிக் கடனுக்காக ஒரு காணியைப் பார்க்கப் போனால் உறுதியும் (காணிப் பத்திரம்) நில அளவைப் படமும் ஒத்துப்போகின்றனவா என்று முதலில் பார்ப்பேன். ஒழுங்கையில் லொறி உள்ளே வருமா, மாரியில் வெள்ளம் எத்தனை நாள் நிற்கிறது, கிணற்று நீர் நன்னீரா உவரா, கோடையில் அடி தெரியுமா, பள்ளிக்கூடமும் பஸ் ஓடும் வீதியும் எவ்வளவு தூரம் என்பவை அடுத்து வரும். அயல் வளவுக்காரர் என்ன சாதி என்று எழுதுவதற்கு அறிக்கையில் இடமே கிடையாது. ஆனால் சாதி வேறு வழியாக அறிக்கைக்குள் வந்துவிடுகிறது. பக்கத்தில் அண்மையில் விலைப்பட்ட காணிகளோடு ஒப்பிட்டுத்தான் நாங்கள் விலை சொல்கிறோம். ஓர் ஒழுங்கையில் எல்லா விற்பனையும் நாலைந்து உறவுக் குடும்பங்களுக்குள்ளேயே நடந்திருந்தால் அங்கே பதிவான விலையெல்லாம் அடங்கிய, குறைந்த விலையாகத்தான் இருக்கும். அதை எடுத்து "சந்தை விலை" என்று எழுதும்போது, வேலி போட்டவர்களின் கணக்கையே நாங்களும் எழுதிக்கொடுக்கிறோம்.

உங்கள் அயலவர் சொன்ன 5 இலட்சம் அப்படிப்பட்ட விலை. வேறு யாருக்கும் நீங்கள் விற்கமாட்டீர்கள் என்ற நம்பிக்கையில் கேட்ட விலை அது. தரகர் சொன்ன 9 இலட்சம் அதே வேலியின் மறுபக்கத்து விலை. அந்த ஆசிரியருக்கு வேறு யாரும் விற்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் கேட்கச் சொன்ன விலை. உள்ளே இருந்து விற்பவருக்குக் குறைவு, வெளியே இருந்து வாங்குபவருக்குக் கூடுதல். குடியிருப்புப் பிரிவினையின் பொருளாதாரத்தை இதைவிடத் தெளிவாக நான் எங்கும் கண்டதில்லை.

இது யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரிய நோய் இல்லை. அமெரிக்காவில் வெள்ளையர் குடியிருப்புகளின் உறுதிகளிலேயே "கறுப்பினத்தவருக்கு விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது" என்று வாசகம் எழுதும் வழக்கம் இருந்தது. அத்தகைய வாசகத்தை நீதிமன்றங்கள் நடைமுறைப்படுத்த முடியாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1948 இல். வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இனப் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் 1968 ஏப்ரலில் வந்தது, மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்டு ஒரு வாரத்தில். இந்த இரண்டு ஆண்டுகளுக்கும் இடையில் சிக்காகோ போன்ற நகரங்களில் தரகர்கள் செய்த ஒரு வேலையை நீங்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். வெள்ளையர் தெரு ஒன்றில் ஒரு வீட்டைக் கறுப்பினக் குடும்பத்துக்கு விற்பார்கள். பிறகு மற்ற வீட்டுக் கதவுகளைத் தட்டி, "விலை விழப்போகிறது, இப்போதே விற்றுவிடுங்கள்" என்று பயமுறுத்துவார்கள். பயந்தவர்கள் கிடைத்த விலைக்கு விற்றுவிட்டு ஓடினார்கள். அந்த வீடுகளையே தரகர்கள் வேறு வழியில்லாத கறுப்பினக் குடும்பங்களுக்கு மிக உயர்ந்த விலையில் விற்றார்கள். விலை விழுந்துவிட்டது என்று புலம்பிய அதே தெருவில் தரகர்கள் பெரும் பணம் பார்த்தார்கள். விலை உண்மையில் விழுந்திருந்தால் அந்த இலாபம் எங்கிருந்து வந்திருக்கும்?

இதை ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். சான் பிரான்சிஸ்கோ, ஓக்லாந்து, பிலடெல்பியா நகரங்களில் கறுப்பினக் குடும்பங்கள் புதிதாகக் குடிவந்த பகுதிகளின் வீட்டு விலைகளை, அப்படி யாரும் வராத அதே தரத்துப் பகுதிகளோடு லூய்ஜி லாரென்டி என்ற ஆய்வாளர் ஒப்பிட்டார். 1960 இல் வெளிவந்த முடிவின்படி பெரும்பாலான ஒப்பீடுகளில் விலை மாறாமலே இருந்தது அல்லது கூடியிருந்தது. குறைந்த இடங்கள் சிறுபான்மைதான்.

அப்படியானால் விலை விழவே விழாதா என்று கேட்பீர்கள். விழலாம். உங்கள் அயலவர் சொன்ன ஒரு வசனத்தில்தான் அதற்கான காரணம் இருக்கிறது: "பிறகு நாங்களும் விற்றுவிட்டுப் போகவேண்டியதுதான்." ஓர் ஒழுங்கையில் ஐந்து குடும்பங்கள் ஒரே மாதத்தில் காணியை விலைக்கு விட்டால், வாங்க வருகிறவர் யாராக இருந்தாலும் விலை சரியும். பயமே சரிவை உண்டாக்கி, பிறகு அந்தச் சரிவையே பயத்துக்குச் சான்றாகவும் காட்டும்.

தோமஸ் ஷெல்லிங் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் இதை ஒரு பலகையிலும் இரண்டு வகை நாணயங்களிலும் செய்து காட்டினார். 1971 இல் வந்த அவருடைய கட்டுரை இந்தத் துறையில் இன்றும் முதலில் படிக்கவேண்டியது. 2005 இல் பொருளியலுக்கான நோபல் பரிசும் பெற்றார். அவர் பலகையில் யாரும் யாரையும் வெறுப்பதில்லை. அயலவரில் மூன்றில் ஒரு பங்காவது தன்னைப் போன்றவராக இருந்தால் போதும் என்றுதான் ஒவ்வொரு நாணயமும் நினைக்கிறது. அது கிடைக்காதது மட்டும் இடம் மாறும். ஒன்று நகர்ந்தால் அதன் பழைய அயலில் ஒன்று குறையும், அதனால் இன்னொன்று நகரும். கடைசியில் பார்த்தால் பலகை கிட்டத்தட்ட இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. தனியொருவர் விரும்பியதைவிடப் பல மடங்கு பிரிவினையை எல்லாரும் சேர்ந்து உண்டாக்கிவிடுகிறார்கள். உங்கள் வீட்டுக்கு வந்தவர்களில் பாதிப்பேருக்காவது அந்த ஆசிரியர் மீது தனிப்பட்ட பகை எதுவும் இருக்காது என்று நினைக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் முதலில் போய்விடுவாரோ, நாம் கடைசியில் அகப்பட்டுக்கொள்வோமோ என்ற பதற்றம்தான் அவர்களை உங்கள் படலைக்கு அழைத்து வந்திருக்கும். அவர்களோடு பேசும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். "நான் யாருக்கு விற்றாலும் நீங்கள் இருங்கள், இருந்தால் ஒன்றும் நடக்காது" என்று சொல்ல உங்களுக்கு நியாயம் இருக்கிறது.

வாங்குவோர் வட்டம் சுருங்கினால் விலை குறையும் என்பதற்குச் சிங்கப்பூர் இன்னொரு சான்று, அதுவும் எதிர்ப்பக்கத்திலிருந்து. அங்கே 1989 முதல் அரசாங்க அடுக்குமாடிகளில் ஒவ்வொரு இனத்தவருக்கும் விகித எல்லை வைத்து மக்களைக் கலந்து குடியமர்த்துகிறார்கள். நல்ல நோக்கம். தனித்தனி இனப் பகுதிகள் உருவாவதை அது தடுத்திருக்கிறது. ஆனால் ஒரு கட்டடத்தில் பெரும்பான்மைச் சீனருக்கான எல்லை நிரம்பிவிட்டால் சிறுபான்மையினர் தங்கள் வீட்டைச் சீனருக்கு விற்க முடியாமல் போகிறது. வாங்க ஆள் குறைந்து விலையும் குறைகிறது என்ற முறைப்பாடு நெடுங்காலம் இருந்து, 2022 இல் அரசு அப்படி அகப்பட்டவர்களின் வீடுகளைத் தானே வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. சேர்த்து வைப்பதற்காகப் போட்ட எல்லையே இப்படிச் செய்தால், பிரித்து வைப்பதற்காகப் போட்ட எல்லை என்ன செய்யும் என்று யோசியுங்கள்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். இன்றைய கிளிநொச்சி மாவட்டத்தைக் கழித்துப் பார்த்தால், 1981 இல் யாழ்ப்பாண மாவட்டத்தில் ஏறத்தாழ 7 இலட்சத்து 38 ஆயிரம் பேர் இருந்தார்கள். 2012 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 5 இலட்சத்து 83 ஆயிரம் பேர்தான். காணி அதே அளவில் கிடக்க, மனிதர் போய்விட்டார்கள். வலிகாமத்து ஒழுங்கைகளில் நடந்து பாருங்கள்: பூட்டிய வீடு, இறைக்காத கிணறு, வேலிக் கதியால்கள் மரமாக வளர்ந்துவிட்ட வளவு, ரொறன்ரோவிலோ பாரிஸிலோ இருக்கும் உரிமையாளர். அவருடைய பிள்ளைகள் இங்கே வந்து குடியிருக்கப் போவதில்லை. "நம்முடைய ஆட்களுக்கு மட்டும்" என்ற வட்டத்தில் வாங்கக்கூடியவர் தொகை ஆண்டுக்கு ஆண்டு குறைகிறது. நாளைக்கு உங்கள் அயலவர் தங்கள் காணியை விற்க நேர்ந்தால், அவர்களும் அந்தச் சுருங்கிய வட்டத்துக்குள்தான் விற்கவேண்டும். இந்த மண்ணில் வீடு கட்டிக் கிணற்றை இறைத்துக் குடியிருக்க ஆசைப்படுகிற குடும்பங்களையே வாசலில் நிறுத்திவிட்டு விலையைக் காப்பாற்ற நினைப்பது அவர்களுக்கே நட்டம். கோபத்தில் சொல்லவில்லை, அவர்களுடைய நன்மைக்காகவும் சொல்கிறேன்.

ஒன்றை மறைக்க விரும்பவில்லை. வெளிநாட்டிலிருந்து வாங்க நினைத்த ஒருவர் இந்தச் செய்தி கேட்டுப் பின்வாங்கலாம். அது நடக்கவே நடக்காது என்று நான் எழுதித்தரமாட்டேன். ஆனால் அப்படி இழக்கப்படுவது மண்ணின் பெறுமதியோ கிணற்றின் பெறுமதியோ இல்லை. மற்றவரை வெளியே வைத்திருப்பதற்காக ஒருவர் கூடுதலாகக் கொடுக்கத் தயாராக இருந்த தொகை அது. அதைக் காப்பாற்றிக் கொடுக்கும் பொறுப்பு உங்களுக்கு இல்லை.

வெளியே நிற்பவர்களின் நட்டமோ மிகப் பெரியது. 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து மல்லாகம், சுன்னாகம் பக்கத்து முகாம்களில் கால் நூற்றாண்டு கடந்தும் இருந்தவர்களைப் பற்றி வாசித்திருப்பீர்கள். சொந்தக் காணி இருந்தவர்களும் உறவினர் வளவு கிடைத்தவர்களும் மெல்ல வெளியேறிவிட்டார்கள். எஞ்சியவர்களில் காணியற்றவர்களும் ஒடுக்கப்பட்ட சாதியினருமே அதிகம். காசு சேர்த்தாலும் அயலில் அவர்களுக்குக் காணி விற்க ஆள் இல்லை என்பதும் அதற்கு ஒரு காரணம். போருக்குப் பின் இந்திய அரசின் உதவியில் 50,000 வீடுகள் திட்டம் வந்தபோது, குடும்பத்துக்கு 550,000 ரூபா கொடுத்துச் சொந்தமாகக் கட்டவிட்டார்கள். ஆனால் கட்டுவதற்குக் காணி வேண்டுமே! காணி விற்க மறுத்தவர் மறுத்தது ஒரு துண்டு நிலத்தை மட்டுமில்லை. அந்த வீட்டையும், வங்கியில் ஈடு வைக்க ஓர் உறுதியையும் சேர்த்துத்தான் மறுத்தார்.

பிள்ளைகளின் படிப்பும் அப்படித்தான். அரசாங்கப் பாடசாலைகளில் தரம் 1 அனுமதியில் பாதி இடங்கள் பாடசாலைக்கு அருகில் வசிப்போருக்கு ஒதுக்கப்படுகின்றன. வசிப்பிடத்தை நிரூபிக்கக் கேட்பவற்றில் வீட்டு உறுதியும் ஒன்று. எங்கே காணி வாங்க முடியும் என்பது எந்தப் பள்ளிக்கூடம் என்பதைத் தீர்மானித்துவிடுகிறது. அமெரிக்காவில் 1994 இல் ஐந்து நகரங்களில் தொடங்கிய ஒரு பரிசோதனையில், வறுமை மிகுந்த அரச குடியிருப்புகளில் இருந்த குடும்பங்களுக்குச் சீட்டுக் குலுக்கி, வறுமை குறைந்த பகுதிகளுக்குக் குடிபோக வாடகை உதவி கொடுத்தார்கள். பெரியவர்களின் வருமானம் மாறவில்லை. ஆனால் 13 வயதுக்கு முன் இடம் மாறிய பிள்ளைகள் இருபதுகளின் நடுவில் ஏறத்தாழ 31 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள் என்று ராஜ் செட்டியும் அவருடன் சேர்ந்தவர்களும் 2016 இல் வெளியிட்டார்கள். அது வறுமையை வைத்துச் செய்த பரிசோதனை, சாதியை வைத்துச் செய்ததில்லை. ஆனாலும் அயல் என்பது பிள்ளைக்கு எவ்வளவு பெரிய முதலீடு என்பதை அது காட்டுகிறது. நீங்களும் மகளின் படிப்புக்காகத்தானே விற்கிறீர்கள். அந்த ஆசிரியரும் தன் பிள்ளைகளை நினைத்துத்தான் வாங்க வந்திருப்பார்.

அதனால்தான் 9 இலட்சம் கேட்காதீர்கள் என்கிறேன். தரகர் சொல்வதுபோல அவர்கள் கொடுக்கவும் கூடும். அந்த மேலதிக 2 இலட்சம் அவர்கள் பிறப்புக்குச் செலுத்தும் வரி. 6 பரப்புக்கு 12 இலட்சம் ஆகிறது. ஓர் ஆசிரியர் குடும்பம் வீட்டுக் கூரைக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் வைத்திருக்கும் காசு அது. அதற்காக 5 க்கு இறங்கவும் வேண்டாம், தானம் செய்வதுபோல 6 க்கு விடவும் வேண்டாம். 7 அவர்களே தர முன்வந்த விலை. அதிலேயே நில்லுங்கள்.

சட்டப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அடுத்த காணிக்காரருக்கு முதலுரிமை என்பது பழைய கதை. 1947 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்கச் சட்டம் தேசவழமையின் இந்த உரிமையைக் கூட்டு உரிமையாளருக்கும், விற்பவர் இறந்தால் வாரிசாகக் கூடியவருக்கும் மட்டும் என்று கட்டுப்படுத்திவிட்டது. வேலி தொடுத்திருப்பது ஓர் உரிமை ஆகாது. இலங்கைக்குள் தான் விரும்பிய இடத்தில் வசிக்கும் சுதந்திரத்தை அரசியலமைப்பின் 14 ஆம் உறுப்புரை ஒவ்வொரு குடிமகனுக்கும் தருகிறது. ஆனால் அமெரிக்காவின் 1968 சட்டம் போல, தனியார் காணி விற்பனையில் சாதி பார்ப்பதை நேராகத் தண்டிக்கும் சட்டம் நம்மிடம் இல்லை. சாதி காரணமாகப் பொது இடங்களில் தடுப்பதைக் குற்றமாக்கி 1957 இல் வந்த சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகும், உள்ளே போவதற்காக ஒடுக்கப்பட்ட சாதியினர் 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் போராடவேண்டி இருந்தது. கோயில் கதவுகள் திறந்த பல ஊர்களில் காணி வேலி இன்னும் திறக்கவில்லை. அது திறப்பது உங்களைப் போல உறுதி கையில் வைத்திருப்பவர்களால்தான்.

கிணற்று விஷயத்தில் மட்டும் துளியும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஆறில்லாத இந்தக் குடாநாட்டில் சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கும் மழைநீர்தான் குடிநீர், தோட்டத்து நீர் எல்லாம். உங்கள் உறுதியில் "கிணற்றில் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும்" என்ற பொருளில் ஒரு வாசகம் இருக்கும். அந்தப் பங்கு காணியோடு சேர்ந்து வாங்குபவருக்குப் போகவேண்டும். அதை நீக்கிவிட்டு விற்றால் மதிப்பீட்டாளனாக நானே விலையைக் குறைத்துத்தான் எழுதுவேன், ஏனெனில் நீருரிமை இல்லாத காணி உண்மையாகவே மலிந்த காணி. விலை விழக்கூடாது என்று சொல்பவர்கள்தான் விலையை நிச்சயமாக விழுத்தக்கூடிய ஒரே காரியத்தைச் செய்யச் சொல்கிறார்கள். பங்குக் கிணறு என்பதால் யார் யாருக்கு எவ்வளவு என்று உறுதியை நொத்தாரிசிடம் காட்டித் தெளிவுபடுத்துங்கள். மற்றப் பங்காளிகள் இதைக் காட்டி ஏதாவது உரிமை கோர இடமுண்டா என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆசிரியர் குடும்பத்தை ஒருநாள் வீட்டுக்கு அழைத்து, அயலவர் வந்து பேசியதை ஒளிக்காமல் சொல்லுங்கள். அவர்கள் காதுக்கு ஏற்கனவே எட்டியிருக்கும். ஆனால் விற்பவரின் வாயிலிருந்து கேட்பது வேறு. அங்கே போய்க் குடியிருக்கப் போவது அவர்களும் அவர்களின் பிள்ளைகளும். வேண்டுமா வேண்டாமா என்பதை அவர்களே யோசித்துச் சொல்ல ஓரிரு கிழமை கொடுங்கள். அவர்களுக்காகப் பயந்து நீங்கள் முடிவெடுத்துவிடாதீர்கள்.

அவர்கள் உறுதியாக இருந்தால், முற்பணம் வாங்கும் அன்றே விலையையும் கிணற்றுப் பங்கையும் எழுத்தில் வையுங்கள். தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் அசையாச் சொத்தை விற்க, 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள் சட்டப்படி கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அது சீதனக் காணிக்கும் பொருந்தும். ஆகவே உறுதி முடிக்கும் நாளில் கணவரையும் நொத்தாரிசிடம் கூட்டிக்கொண்டு போய் ஒப்பமிடச் செய்யுங்கள். தரகருக்குக் கொடுக்கும் தரகுப் பணத்தையும் 7 இலட்சக் கணக்கிலேயே பேசி முடியுங்கள்.